குளிர் அறை சொன்ன பொய்

நண்டுச் சதை நாறினால் குளிர் அறையைத் திறந்து பார்க்க வேண்டும். மில்ரன் திரையைப் பார்த்தார். அதில் மைனஸ் பதினெட்டு. அப்படியென்றால் இயந்திரம் சரி, அஞ்சலாதான் சதையை வெளியே விட்டிருக்கிறாள் என்று எல்லாருக்கும் முன்னால் ஏசி, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பேசாலைக் கரையில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு அவர் முகாமையாளராம்.

அளவுக் கருவிகள் திருத்துகிற என்னை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார். அறைக்குள் என் வெப்பமானியை வைத்தேன். மைனஸ் மூன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்றம் பிடிக்காமல் தன் அலுவலகமான கந்தோரைத் திரையோடு சேர்த்து ரோட்டோரம் மாற்றியவர் அவர்தான். கம்பியை வளவு நீளத்துக்கு இழுத்தார்கள். "சின்னப் பெட்டிதானே, தேவையில்லை" என்று வோல்ற்றை மின்னோட்டமாக மாற்றும் பெட்டியைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். குளிர் அறை உணரி, சூடு ஏற ஏற வோல்ற்றைக் கூட்டி அனுப்பும். நீளக் கம்பியும் உப்புக்காற்று அரித்த மூட்டும் வழியிலேயே அதைக் குறைத்துவிடும். திரைக்கு எல்லாம் குளிராகவே தெரியும், குளிர் போதும் என்று இயந்திரமும் நின்றுவிடும். பெட்டி இருந்தால், கம்பி எவ்வளவு தடுத்தாலும் அது அழுத்தித் தள்ளும். இங்கே புறப்பட்ட மின்னோட்டம் குறையாமல் அங்கே சேரும்.

பெட்டியைத் திரும்பப் பூட்டினேன். திரை மைனஸ் மூன்று என்றது.

"நீங்கள் வந்த பிறகுதான் சூடேறினது" என்றார் மில்ரன்.

அவரை அறைக்குள் கூட்டிப்போய் மானியைக் கையில் கொடுத்தேன். பார்த்தார்.

"சரி, விளங்குது. ஆனா இப்ப அவவைக் கூப்பிட்டா மற்றப் பொம்பிளையள் என்னை மதிப்பினமோ?"

பெட்டியின் கம்பியைக் கழற்றினேன். ஆகக் குறைந்த வெப்பநிலைக்கும் கம்பியில் நாலு மில்லியம்பியர் ஓட வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்ததென்று திரைக்குத் தெரியும். கந்தோரில் அலாரம் கத்தியது.

"என்ன செய்யிறீங்கள்? லொறி வரப்போகுது."

"அஞ்சலாவுக்குப் போன் எடுங்கோ. எல்லாருக்கும் கேக்கட்டும். பிறகு பூட்டுறன்."

உரிக்கும் மேசைக்கு முன்னால் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார். சதை உரிக்கும் பெண்களின் கைகள் நின்றன.

"அஞ்சலா, நாளைக்கு வேலைக்கு வாங்கோ."

"வாறன் சேர். சதையை நான் வெளியில விடேல்லை எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ."

மில்ரன் அழைப்பை வெட்டினார். "லைன் கட்டாப் போயிட்டுது" என்றார்.

மேசையில் அன்ரோனெற் கையுறையைக் கழற்றி வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் கழற்றினாள்.