கீறல் விழாத கதவு

விடுதலைக்குப் பின் வந்த எங்கள் முதல் அரசியல் சாசனம், நடுவண் அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைக்கூடத் தரவில்லை. புதியது வந்தால் நாடு ஒழுங்குபடும் என்று நான் நம்பினேன். அதை ஏற்கும் மாநாட்டுக்கு நாள் குறிக்க, பிலடெல்பியாவில் கூடிய எங்கள் மாநிலச் சட்டசபையில், கூட்டம் நடக்கத் தேவையான எண்ணிக்கைக்கு ஓர் உறுப்பினர் குறைந்தார். அந்த எண்ணிக்கை நிறையக் கூடாதென்றே, புதிய சாசனத்தை எதிர்த்த உறுப்பினரும் என் விடுதியில் தங்கியிருந்தவருமான ஜோதம் பிரிக்ஸ் மாடியறையில் ஒளிந்திருந்தார். அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று வாக்களித்திருந்தேன்.

காலையில் ஒரு கும்பல் வாசலுக்கு வந்தது.

"என்னம்மா, உங்க நரி எந்த வளையில பதுங்கியிருக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

நான் தாழ்ப்பாளை நீக்கி, மாடிப்படியைக் காட்டினேன்.

அவரைத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சபையில் உட்காரவைத்தார்கள். எண்ணிக்கை நிறைந்தது, தீர்மானமும் நிறைவேறியது.

மாலையில், கிழிந்த மேற்சட்டையோடு திரும்பியவர் வாசற்கதவைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கெட்டியான கதவும்மா. அத்தனை பேர் வந்தும் ஒரு கீறல்கூட விழலையே!"

பெட்டியைக் கட்ட அவர் மாடியேறினார். ஆலய மணிகள் புதிய ஒழுங்கைக் கொண்டாடி ஒலித்தன. நான் தலைகுனிந்து, அந்தக் கதவருகிலேயே நின்றேன்.