முழுக்கைச் சட்டைகள்

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று மேனேஜர் மறுபடியும் ஆரம்பித்தபோது சித்திக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"குடும்பம்னு மட்டும் சொல்லாதீங்க சார். மருமகளைப் பிடிக்கலைன்னா மாமியார் மூஞ்சிக்கு நேரா திட்டுவா. வாட்ச்மேனை விட்டு, 'நாளையிலிருந்து வராதே'ன்னு சொல்ல மாட்டா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நுரை, குனிந்து சிரிப்பை விழுங்கினான். சலவை மெஷின் ஓட்டுகிறவன். பொங்கிப் பொங்கிப் பேசுவான், மறு நிமிடம் அடங்கிவிடுவான். அதனால் அந்தப் பெயர்.

அவளைச் சித்தி என்று அந்தச் சலவை ஆலையே கூப்பிட்டது. அவளுடைய அக்கா மகள் அங்கே வேலை பார்த்தபோது அப்படிக் கூப்பிட, மற்றவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்த அந்தப் பெண்ணை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். என்ன தப்பு என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. பெண் போய்விட்டாள், சித்தி என்ற பெயர் மட்டும் மிச்சம்.

அதற்காகத்தான் இந்தப் பேச்சுவார்த்தை. யாரை அனுப்புவதானாலும் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காரணத்தோடு. வேறொன்றும் கேட்கவில்லை.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நியாயமாத்தான் கேக்கறீங்க. அடுத்த மாசம் உட்கார்ந்து பேசலாம்" என்றார் கடைசியில்.

"அடுத்த மாசம் பண்ணிடலாம்" என்று மேனேஜர் தாளம் போட்டார்.

சித்தியும் நுரையும் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தார்கள். மெஷின்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி கிடந்தன. நின்றுபோயிருந்த ஒரு மெஷினை நுரை திறந்தான். "ஆபீஸ்லேர்ந்து வந்த மூட்டை. ரொம்ப அவசரமாம்" என்று உள்ளே கைவிட்டு ஒரு சட்டையை இழுத்தான். நீல நிறம். அவர்களுடைய யூனிஃபார்ம்.

"பாத்தியா சித்தி, நமக்குப் புதுச் சட்டை. பேச்சுவார்த்தை பலிச்சிடுச்சு."

புதுத் துணி என்றால் கஞ்சி போக ஒரு முறை அலசிவிட்டுத்தான் கொடுப்பார்கள். சித்தி அதை வாங்கி உதறினாள். முழுக்கை. நீராவி கையில் அடிக்கும் என்பதால் அவளைப் போல இஸ்திரி பிரஸ்ஸில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் முழுக்கை. அடுத்ததை எடுத்தாள். அதுவும் முழுக்கை. எல்லாமே முழுக்கை.

துணி மாறிப் போகாமலிருக்கக் காலரின் உட்பக்கம் பெயர்த்துண்டு தைப்பது அங்கே வழக்கம். ஒவ்வொரு காலராகப் புரட்டினாள். பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒருத்தி பெயர்கூட இல்லை. எல்லாம் கேள்விப்படாத பெயர்கள்.

"நம்ம பேரு இல்லையே சித்தி" என்றான் நுரை. குரலில் நுரை அடங்கியிருந்தது.

சித்தி சொட்டச் சொட்ட ஒரு கட்டுச் சட்டையை அள்ளிக்கொண்டு மாடி ஏறினாள். முதலாளியின் மேஜை மேல் தொப்பென்று போட்டாள். தண்ணீர் வழிந்து மேனேஜரின் மடியில் இறங்கியது.

"இது... ஆளுங்களைக் கூட்டறோம்" என்று மேனேஜர் எழுந்தார்.

"அப்போ பிரஸ்ஸும் கூட வருதா சார்? இருக்கற பிரஸ்ஸுக்கெல்லாம் ஆள் இருக்கோமே. ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்து தேய்க்கறதா?"

முதலாளி மேனேஜரை முறைத்தார். "வெளியில குடுத்துத் துவைக்கச் சொன்னேனா இல்லையா?"

"வெளியில காசு கேக்கறான் சார். நம்மகிட்டதான் மெஷின் இருக்கேன்னு..."

முதலாளிக்குத் தாம் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

சித்தி ஓங்கி அறைய வந்த கையை அடக்கி மேஜையில் ஊன்றினாள். "அடுத்த மாசம் யாரோட பேசறதா இருந்தீங்க? இந்தச் சட்டைங்களோடயா?"

சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த நுரை கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மெஷின் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு சார். ஓட்டல் விரிப்பு ஈரமாவே கிடக்கு. இந்தப் புழுக்கத்துல சாயங்காலமே நாறிடும்." இந்த முறை அவன் அடங்கவில்லை.

மேஜை மேலிருந்த போன் அடித்தது. ஓட்டலிலிருந்துதான். முதலாளி அதை எடுக்காமல் பேனாவை எடுத்தார்.

அவர் எழுதிக் கொடுத்ததைச் சித்தி வரி வரியாகப் படித்தாள். "காரணத்தோடன்னு சொன்னோம். அது எங்கே?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

தாளைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடி சித்தி நேராகக் கேட்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அக்கா மகளைத் திருப்பி அனுப்பியதிலிருந்து அவர் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இனிமே யாரையும் அனுப்பற பாவம் உங்களுக்கு வேண்டாம். படிச்சுப் பாருங்க" என்று வெடுக்கென்று நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். "மெஷின்கூடம், பிரஸ், மடிப்பு..." என்று முணுமுணுத்தார். "கேட் இதுல வராதாம்மா? அன்னிக்கு அந்தப் பொண்ணை நிறுத்தலைன்னா எனக்கு வேலை போயி நான் வெளியில நின்னிருப்பேன்."

சித்தி தாளைப் பார்த்தாள். வரவில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை. இத்தனை நாள் இந்த மனிதரைத்தான் மனதுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

தாளை வெடுக்கென்று திரும்ப வாங்கினாள்.

"நுரை, மெஷினைப் போட்டுடாதே" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.