நக அரம்

கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிதார்ப் பட்டறைகள் நிறைந்த கோமேரெஸ் தெருவின் ஏற்றத்தில் லெயாந்த்ரோ நடந்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி கசில்டாவோடு மேடை ஏற வேண்டும். நாற்பது வருடமாக இருவரும் சேர்ந்தேதான் வாசிக்கிறார்கள். எழுபது வயது இடது கையோ, ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய இடம் வந்தால் ஐந்தே நிமிடத்தில் மரத்துப்போகிறது. இதை அவளிடம் மனிதர் மூச்சுகூட விடவில்லை. சொன்னால், வாசித்தது போதும் என்று அவள் நிறுத்திவிடுவாளே! அந்த மேடையும் போய்விட்டால் அப்புறம் அவருக்கு என்னதான் இருக்கிறது?

"தந்தியோட உயரத்தைக் கொஞ்சம் இறக்கிக் குடு," என்றார் பட்டறையில். "குளிருக்கு மரம் உப்பி, தந்தி மேல தூக்கிடுச்சு போல. அழுத்த வரல."

"எதுக்கெடுத்தாலும் மரந்தான் குத்தவாளி உங்களுக்கு, வாத்தியாரே," என்று சிரித்தான் கிதார் செய்யும் தாமாசோ. தந்திகளைத் தளர்த்தி, அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். சிரிப்பு நின்றது.

"இதை யாருகிட்ட குடுத்தீங்க?"

"உன்னைத் தவிர யாரு தொட்டா?"

"நான் வச்சது இதைவிட உயரம். யாரோ அடியில தேய்ச்சிருக்காங்க. ஒரே தடவையில இல்ல, கொஞ்சங்கொஞ்சமா. இந்தக் கோடுகளைப் பாருங்க, நக அரத்தால தேய்ச்சது. இன்னும் இறக்கினா தந்தி கரகரக்கும்."

நக அரம்! மாதம் ஒன்று வாங்குகிறாளே, நகம் வளர்க்கிறாயா மரம் அறுக்கிறாயா என்று கசில்டாவைக் கேலி செய்தவர் அவர்தான். போன வசந்தத்தில் கை தேறிவிட்டது என்று நம்பி ஏமாந்தவரும் அவரேதான். தேறியது கை இல்லை, தாழ்ந்தது தந்தி. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

தாமாசோ வேறொரு கிதாரை நீட்டினான். தந்தி நீளம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு, கழுத்து ஒல்லி; அழுத்த அவ்வளவு பலம் வேண்டாம். தெருவில் போகிறவர்கள் காதில் விழுமே என்று லெயாந்த்ரோ சுலபமான மெட்டாக ஒன்றை வாசித்தார்.

"தாலாட்டெல்லாம் வேணாம். ஆறையும் அழுத்துங்க."

அழுத்தினார். எட்டு நிமிடம் ஆகியும் கை அவர் பேச்சைக் கேட்டது.

வீட்டில் கசில்டா பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் தோளில் இருந்த புதுக் கிதார்ப் பெட்டியைப் பார்த்தாள். அவர் தேய்ந்த எலும்புத் துண்டை மேசைமேல் வைத்ததும் கரண்டி நின்றது.

"எத்தனை நாளா?" என்றார்.

"மூணு வருஷமா. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"சொன்னா நிறுத்திடுவியோன்னு பயம்."

"நீ நிறுத்திடக் கூடாதுன்னுதானே தேய்ச்சேன், மண்டு."

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுக் கிதாரை வாங்கி ஆறு தந்திகளையும் அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். திருப்பித் தரவில்லை.

"தேய்ச்சுத் தேய்ச்சு அதை வீணாக்கியிருந்தா?" என்று கேட்டார் அவர். "எந்தத் தைரியத்துல என் கிதார்ல கை வச்ச?"

"என் கை மரத்தப்பவே முதல்ல என்னோடதுல தேய்ச்சுப் பழகிட்டேன்," என்றாள் கசில்டா.