பின்வடத்தின் நீட்சி

கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் அன்று ஐந்து பேர் இருந்தோம். தலைவர் பஸ்தியாம்பிள்ளை மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. படகுக்காரி புனிதம் யன்னல் பக்கக் கதிரையில். அங்கிருந்து பார்த்தால் பின்பக்கத்தில் வெடிப்பு விழுந்த படகு தெரியும். சங்கங்களுக்கெல்லாம் மேலான மாவட்டச் சமாசம் அனுப்பிய தொழினுட்ப உத்தியோகத்தர் ஜெயரூபினி தலைவருக்கு எதிரே. படகு தூக்கும் வின்ச்சை ஓட்டும் றொனால்ட், கதிரை காலியாக இருந்தும், வாசற்படியில். செயலாளராகிய நான் மேசையின் ஓரத்தில், கடிதத் தாளோடு.

கடிதம் சமாசத்துக்குப் போக வேண்டியது. படகு ஏன் வெடித்தது என்பதற்கு அதில் ஒரு காரணம் எழுத வேண்டும். ஓட்டுபவரின் கவனக்குறைவு என்று எழுதினால் றொனால்டின் வேலை அதோடு முடியும். நாயாற்றுக் கரையில் வேறு வின்ச் இல்லை.

நடந்தது இதுதான். திருத்த வேலைக்காகப் புனிதத்தின் படகைத் தூக்கிக் கரையிலுள்ள மரத்தாங்கியில் இறக்கினோம். படகை முன்வடம், பின்வடம் என இரண்டு வடங்கள் தாங்கும். வின்ச்சின் உருளையில் ஒரு சிவப்புக் குறி உண்டு. குறி வரும்வரை வேகமாக இறக்கலாம். குறி வரும்போது தாங்கிக்கு மேல் எட்டுச் சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கும்; அதன் பிறகு மெல்ல இறக்க வேண்டும். அன்று குறி வருமுன்பே பின்பக்கம் தாங்கியில் மோதி வெடிப்பு விழுந்தது.

"பிறேக்கை விட்டிட்டான்," என்றார் புனிதம். "போட்டிட்டுத்தான் வந்திருப்பான்."

"நான் குடிக்கிறேல்லை அக்கா. ஊருக்கே தெரியும்."

"குடிக்காமலே இந்தக் கோலமெண்டால், குடிச்சிருந்தால் வின்ச்சையும் சேர்த்தெல்லோ இறக்கியிருப்பாய்!"

ஜெயரூபினி சிரிக்கவில்லை. "முன்வடம் இரும்பு. பின்வடம் ஏன் நைலோன்?" என்று கேட்டார்.

"இரும்புவடம் ஒரு தேவைக்குப் போயிட்டுது," என்றார் தலைவர். "நைலோன் அதைவிட மொத்தம், நல்ல தடிப்பு, பிள்ளை. பாரத்துக்கு அறவும் இல்லை. அறாத கயிற்றில என்ன பிழை?"

எங்கள் எல்லோருடைய எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது. நங்கூரத்துக்கும் அந்தக் கயிறுதான், புயலிலும் அறாது.

"அறுகிறது வேற கதை, இழுபடுகிறது வேற கதை," என்று ஜெயரூபினி என்னிடம் ஒரு தாளை வாங்கினார். பாரத்தை நீளத்தால் பெருக்கி, வந்ததைக் கயிற்றின் குறுக்குவெட்டுப் பரப்பாலும் யங்கின் மட்டாலும் பிரிக்க வேண்டும் என்றார். யங்கின் மட்டு என்பது அந்தப் பொருள் இழுபட எவ்வளவு மறுக்கிறது என்பதைச் சொல்லும் எண். எஞ்சினும் வலையுமாகப் பின்பக்கத்தில் ஐயாயிரம் நியூற்றன். வடத்தின் நீளம் நாலாயிரம் மில்லிமீற்றர். நைலோன் கயிற்றின் பரப்பு இருநூறு, மட்டு ஆயிரம்: நீட்சி நூறு மில்லிமீற்றர். இரும்புவடத்துக்குப் பரப்பு நாற்பதுதான், ஆனால் மட்டு ஒரு லட்சம்: நீட்சி ஐந்து.

"பத்துச் சென்ரிமீற்றர். உங்கட குறியில மிச்சம் இருந்தது எட்டு," என்றார்.

"பின்பக்கம் பதிஞ்சு தொங்கினால் எங்கட கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதோ?" என்றார் தலைவர்.

"தண்ணியிலயும் எஞ்சின் பக்கம் பதிஞ்சுதானே நிக்கும்," என்றான் றொனால்ட் படியிலிருந்து. "நானும் கயிறு மொத்தமெண்டுதான் நம்பினனான்."

வெளியே போனோம். கயிற்றின் இரண்டு நுனியிலும், முடிச்சுகள் உள்ளே வரும்படி, சோக்குக்கட்டியால் குறி போட்டு, அதே படகை ஒரு சாண் அளவுக்குத் தூக்கி, அளவுநாடாவைப் பிடித்தோம். குறிகளுக்கிடையில் பதினொரு சென்ரிமீற்றர் கூடியிருந்தது.

"கணக்குப் பிழை!" என்றார் தலைவர். அவருடைய முகம் தெளிந்தது.

"முடிச்சு இறுகினதும் இதில சேரும் ஐயா," என்றார் ஜெயரூபினி. "கணக்கைவிடக் கூட இழுபட்டால் அது றொனால்டுக்கு நல்லதுதானே?"

உள்ளே வந்து நான் எழுதத் தொடங்கினேன். பின்வடம் மாற்றப்பட்டிருந்தது என்று எழுதியதும் தலைவர் கை காட்டி நிறுத்தினார். "வேறொரு தேவைக்காக எண்டு மட்டும் போடும்."

அப்படிப் போட்டால் வடத்தைக் கழற்றியது யார் என்று சமாசம் கேட்கும் என்றேன். கழற்றியது றொனால்டின் கை.

"கோயில் திருநாளுக்குக் கொடிமரத்தை இழுத்துக் கட்டக் குடுத்தது," என்றார் புனிதம். "கூட்டம் வைச்சுக் கேட்டனீங்கள். நானும் கை தூக்கினனான்." யன்னலால் தன் படகைப் பார்த்தார். "எழுதுங்கோ தம்பி."

"கோயிலை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. பங்குச் சுவாமி என்ன நினைப்பார்?" என்றார் தலைவர்.

"சுவாமியோ வின்ச் ஓட்டினவர்?" என்றார் புனிதம். "வேலை போறது இவனுக்கு."

தலைவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டார். பிறகு, "சங்கத்தின் ஏகமனதான தீர்மானம் எண்டு போடும். நான் தனிய இல்லை," என்றார்.

அப்படியே எழுதினேன். திருநாளுக்காகச் சங்கத்தின் ஏகமனதான தீர்மானப்படி பின்வடம் இரவல் கொடுக்கப்பட்டது; பதிலாகக் கட்டிய நைலோன் கயிறு பாரத்தில் நீண்டதால் படகு குறிக்கு முன்பே மோதியது; வின்ச் ஓட்டியவரிடம் தவறில்லை. ஜெயரூபினியின் கணக்குத் தாளையும் இணைத்தேன். பதினொன்றையும் அவர் மறைக்காமல் அடியில் குறித்திருந்தார்.

தலைவர் இரண்டு தரம் வாசித்துக் கையெழுத்திட்டார். புனிதமும் தன்னுடையதை வைத்தார், யாரும் கேட்கவில்லை.

றொனால்ட் எழும்பி, "இனி வின்ச்சைத் தொடலாமோ?" என்று கேட்டான்.

"இரும்புவடம் வரட்டும்," என்றார் தலைவர்.

உறையைப் பசை போட்டு ஒட்டி, சங்கத்தின் முத்திரையைக் குத்தினேன். முல்லைத்தீவு பஸ் வந்து நின்றது. தபாற்கந்தோரில் பதிவுத்தபாலாகப் போடும்படி சொல்லிக் கொண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து விசில் அடித்தார்.