சந்தைத் திடலின் சாய்ந்த சுவர்

இப்போதெல்லாம் ஒரு கல் கோணலாக இருந்தால் போதும், ஜனங்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில், வெண்ணெய் விற்ற பழைய மண்டபத்தை ஒட்டி ஒரு சுவர் சாய்ந்து நிற்கிறது. ஐந்நூறு வருஷத்துச் சுவர் என்று பாரம்பரியச் சங்கம் போன வாரம் பித்தளைப் பலகை அடித்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அதைக் கட்டியவன் நான். இடிந்த மடத்துக் கற்களை அள்ளி வந்து, மத்தியானம் மூன்று பாட்டில் பீர் குடித்துவிட்டு, நூல் பிடிக்காமலே அடுக்கினேன்.

யார் தலையிலாவது விழுமே என்ற பயத்தில், சங்கத் தலைவி டாஃப்னியைச் சுவரருகிலேயே பிடித்தேன்.

“இடிச்சிடுங்கம்மா. இது நான் கட்டினது. அஸ்திவாரம் ஒரு முழங்கூட இல்ல.”

“மிஸ்டர் டக்கெட், இந்தச் சாய்வைப் பாருங்க. காலம் மட்டுந்தான் இப்படிச் செய்யும்.”

“காலம் இல்லம்மா, பீர்.”

“நிபுணர் வந்து பார்த்தாரு. அந்தக் காலத்துக் கொத்தனாருங்க கைவண்ணமாம். இப்ப யாருக்கும் வராதாம்.”

என் வேலையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை, மனைவிகூட. ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“உள்ளே என் பீர் மூடி கிடக்கும், நோண்டிப் பாருங்க” என்றேன்.

“பாதுகாக்கப்பட்ட சுவர். நோண்டினா உங்க மேல வழக்கு வரும்.”

சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டாள். “தள்ளி நில்லுங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். நிபுணர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கட்டியவனை எனக்குத் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கமாகவே வீட்டுக்கு நடந்தேன்.