அலுமாரியில் பூட்டிய பம்

சடசடவென்று வெடித்த சீனவெடியில் சனசமூக நிலையக் கூரையில் இருந்த காகங்கள் மானிப்பாயை விட்டே பறந்தன. பிரதம விருந்தினர் சோமசேகரம் வந்துவிட்டார். அவர் மாலையோடு வாசலை அடையும்வரை சரம் வெடித்தது. புகை அவரையும் முந்திக்கொண்டு மண்டபத்துக்குள் போய் முன்வரிசையில் இடம்பிடித்தது. மேடைப் பதாகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆஸ்துமா முதலுதவிப் பயிற்சி'.

வாசலில் பன்னீர்த் தட்டோடு நின்றவள் மகாதேவியின் மகள் ஆரபி. அவளை அங்கே நிறுத்தியதே மகாதேவிதான். கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த மாப்பிள்ளை கோகுலனின் தாய் யோகராணி, பெண்ணைத் 'தற்செயலாக'ப் பார்க்க இந்தக் கூட்டத்துக்கு வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். அந்தத் தற்செயலுக்காக ஆரபி விடிய ஐந்து மணிக்கே எழுந்து சேலை கட்டினாள்.

ஆரபிக்கு ஏழு வயதிலிருந்து முட்டு, பதாகையில் இருந்த அதே ஆஸ்துமா. தரகரிடம் கொடுத்த விவரங்களில் அது மட்டும் இல்லை. வெளிக்கிடும்போது அவள் கைப்பைக்குள் வைத்த, மூச்சுக்கு மருந்து இழுக்கும் நீல பம்மை மகாதேவி எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டாள்.

"உதை ஆரும் கண்டால் எல்லாம் முடிஞ்சுது."

"முட்டு வந்தால் என்னம்மா செய்யிறது?"

"இண்டைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளு பிள்ளை."

குத்துவிளக்கு ஏற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். பயிற்சி தர வந்த தாதி நிஷானி, வெடியும் புகையும் வேண்டாமென்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தாள். செயலாளர் அதைப் பத்திரமாகக் கோப்பில் போட்டிருந்தார். பொன்னாடைக்கும் நன்றியுரைக்கும் நடுவில் அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு முன் சோமசேகரம் மூச்சின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார்.

சுவரோரம் நின்ற ஆரபி இருமத் தொடங்கினாள். மகாதேவி கண்ணைக் காட்டினாள். இருமல் நிற்கவில்லை. கிட்டப் போய்க் காதுக்குள், "இருமாதை, மாப்பிள்ளையின்ரை தாய் பாக்கிறா" என்றாள். பதில் சொல்ல ஆரபியிடம் மூச்சு இல்லை. தோள்கள் ஏறி இறங்க, கதிரையில் சரிந்தாள்.

மண்டபம் முழுக்க வைத்தியர்களாகிவிட்டது. ஒருவர் நிலத்தில் படுக்கவைக்கச் சொன்னார். இன்னொருத்தி சோடா உடைத்தாள். ஒரு கிழவர் நெஞ்சில் தைலம் பூசச் சொன்னார். சோமசேகரம் ஒலிவாங்கியில், "பயப்பட வேண்டாம், எல்லாரும் கிட்ட வந்து உதவி செய்யுங்கோ" என்று கூட்டத்தை இன்னும் நெருக்கினார்.

நிஷானி இடித்துக்கொண்டு வந்தாள்.

"விலகுங்கோ. படுக்க விடாதேங்கோ, நிமிந்து இருக்கட்டும். ஆராவது அம்புலன்ஸுக்கு, 1990க்கு எடுங்கோ. அம்மா, பிள்ளையின்ரை பம் எங்கை?"

யோகராணி இரண்டு முழத் தூரத்தில் நின்றாள்.

"அவளுக்கு அப்பிடி ஒரு வருத்தமும்..." என்று மகாதேவி இழுத்தாள்.

"உதடு நீலம் பாயுது, பாருங்கோ."

மகாதேவி பார்த்தாள். கனடா, வீடு, மாப்பிள்ளை எல்லாம் ஒரு கணத்தில் கண்ணிலிருந்து போய்விட்டன.

"வீட்டை அலுமாரிக்குள்ளை கிடக்கு. நான்தான் பூட்டினனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "ஏழு வயசிலையிருந்து முட்டு. அவளைக் காப்பாத்துங்கோ மிஸி."

நிஷானியிடம் இருந்தது பாடம் காட்டும், மருந்தில்லாத வெறும் பம். அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். யோகராணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு நீல பம்மை நீட்டினாள்.

நிஷானி திகதியைப் பார்த்தாள், குலுக்கினாள், ஆரபியின் வாயில் வைத்து ஒரு முறை அழுத்தினாள். பொறுத்து, மறுபடி ஒன்று. ஆறாவது தடவைக்குப் பிறகு ஆரபியின் தோள் இறங்கியது. "அம்மா, இனி உந்தப் பன்னீர்த் தட்டை நீங்களே பிடியுங்கோ" என்றாள் மகள். தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோகராணியின் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் முட்டோ அக்கா?"

யோகராணி வெளியே, வெடிப்புகை நடுவில் மகன் காத்திருந்த வான் வண்டியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கில்லை. கோகுலன்ரை. ஆரும் காணக்கூடாதெண்டு காலமை நான்தான் பறிச்சு வைச்சனான்."