கையெழுத்துக்கு மேலே

காலை ஐந்து மணிக்கு முதல் வரிசை ஐஸ் டின்களைத் தூக்கினோம். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றும் கிறீச்சிட்டு மேலே வரும். நல்ல தண்ணீரில் ஒரு முக்கு. கவிழ்த்தால் இடுப்பளவு பனிக்கட்டி சறுக்கி வந்து பலகையில் மோதும். மச்சான் கிடுக்கியால் கவ்வி இழுப்பார். நான் சாக்கைப் போட்டுத் தள்ளுவேன். ஆறு மணிக்கு மேல் விரல்கள் என்னுடையவை அல்ல.

அமோனியா எப்போதும் லேசாகக் கசியும். கண் எரியும். ஐந்து மாதங்களுக்கு முன் குழாய் வெடித்தபோது, கட்டி உடைக்கும் அறையில் என் மனைவி இருந்தாள். பின்கதவு பூட்டியிருந்தது. இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"இன்னிக்குக் கூட்டத்துல பேசிடுவல்ல மாப்ள?" என்றார் மச்சான். அவளுடைய அண்ணன். என் நாலு வயது மகள் அவர் வீட்டில்தான் வளர்கிறாள்.

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? நாங்க பேசுனா அந்த மேஸ்திரி ஒரு தடவை இருமுவான், எங்களுக்கு எல்லாம் மறந்துபோயிரும். நீ காலேஜ் படிச்சவன்."

பத்து மணிக்குக் கட்சிக் கிளைக் கூட்டம். பதினொரு உறுப்பினர்கள், எல்லோரும் இந்த ஐஸ் ஆலைக்காரர்கள். அவள் இருந்தபோது பன்னிரண்டு. கிளைச் செயலாளர்தான் ஆலையின் மேஸ்திரி. நாளைக்கு யாருக்கு வேலை என்று சொல்கிற அதே ஆள், யார் கை தூக்குகிறார்கள் என்றும் பார்ப்பார். ஆறு வருடமாக அவரை எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. இன்று இரண்டு கோரிக்கை வைக்க முடிவு செய்திருந்தோம். செயலாளரை ரகசியச் சீட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலையில் வேலைக்கு ஆள் அமர்த்துகிறவர் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது.

எட்டு மணிக்கு மேஸ்திரி என்னை இயந்திர அறைக்கு அழைத்தார்.

"சீட்டுத் தேர்தலாமே, தம்பி?"

சாக்கில் கையைத் துடைத்தேன்.

"முதலாளிகிட்ட நான் மல்லுக்கட்டித்தான் உங்களுக்கெல்லாம் வேலை ஓடுது. சரி, கேளு. கிளையோட தீர்மான நோட்டுல நாப்பத்திரண்டாம் பக்கம் யார் எழுதுனதுன்னு உன் மச்சானுக்குத் தெரியுமா?"

கதவுக்கு வெளியே மச்சான் நிற்கிறாரா என்று பார்த்தேன்.

"தெரியாதுல்ல. தெரியாமலே இருக்கட்டும். பாப்பா அங்கதானே வளருது?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. டின்கள் காத்திருக்காது என்பதால், கூட்டத்துக்கு வந்ததும் நோட்டில் வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவோம். மேலே விட்ட இடத்தில் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது. மேஸ்திரி சொல்வார். எழுதுவது நான். யாரும் அதைத் திருப்பிப் படித்ததில்லை.

டயர் கடைக்கு மேல் கிளை அலுவலகம். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, கொடி. மேஸ்திரி வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. மேல இருந்து பேரு வந்துருக்கு, பழைய கமிட்டியே தொடரும். கட்சிங்கிறது குடும்பம். குடும்பத்துல யாராச்சும் ஓட்டுப் போடுறாங்களா?"

"எங்க வீட்டுல நான்தான் செயலாளர்ணே," என்றார் சாக்குத் தைக்கும் அக்கா. "யாரும் எதிர்த்துக் கை தூக்குறதில்ல. சோறு வேணும்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி இருமினார். சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானும்.

பேசாமல் உட்காரலாம். மகள் இருப்பாள், வேலை இருக்கும். கதவும் பூட்டியே இருக்கும்.

நோட்டை என் பக்கம் இழுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"அதைப் படிக்காத," என்றார் மேஸ்திரி.

படித்தேன். "கட்டிகள் திருடு போவதைத் தடுக்க, உடைக்கும் அறையின் பின்கதவைப் பூட்டி வைக்க இக்கிளையின் உறுப்பினர்கள் ஒருமனதாகச் சம்மதிக்கிறார்கள்." கீழே பன்னிரண்டு கையெழுத்துகள். மூன்றாவது அவளுடையது.

மச்சான் எழுந்து வந்தார். தங்கையின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்? இதுக்கா அவ போட்டா?" என்றார் சாக்கு அக்கா. "கதவைப் பத்தி நாம எப்பப் பேசுனோம்?"

"பேசல," என்றேன். "அவர் சொன்னார். நான் எழுதினேன்."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். "அவ பாத்தாளா?"

"இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டா."

"வீட்டுக்கு வந்த பொறகாவது சொன்னியா?"

"இல்ல."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உங்க சம்மதம் வேணும்னு முதலாளி கேட்டாரு, ஒரு பேப்பர் குடுத்தேன்," என்றார் மேஸ்திரி. "கையெழுத்துப் போட்டது நீங்கதானேய்யா?"

மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வெற்றுப் பக்கத்தைப் புரட்டி என் முன் வைத்தார்.

"எழுது. இப்ப, எங்க கண் முன்னால. சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுது."

எழுதினேன். இனி எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. தேர்தல் ரகசியச் சீட்டில். ஆள் அமர்த்துகிறவர் பொறுப்பில் இருக்கக் கூடாது. பின்கதவைப் பூட்ட இந்தக் கிளை ஒருபோதும் சம்மதிக்கவில்லை.

"மாவட்டக் கமிட்டியில இதைக் கிழிச்சுப் போடுவாங்க," என்றார் மேஸ்திரி. "யாருக்கு வேலைன்னு நாளைக்குக் காலையில ஆலை கேட்ல பாக்கலாம்."

"பாக்கலாம்ணே," என்றார் சாக்கு அக்கா. "கேட்டு எங்கயும் ஓடிப்போகாது."

இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிவிட்டார்கள். மச்சான் பேனாவை வாங்கினார். என் கடைசி வரியோடு ஒட்டி, ஒரு நூல்கூட இடம் விடாமல், முதல் கையெழுத்தைப் போட்டார். பேனா கைமாறியது. மரத்துப்போன விரல்கள், எழுத்துகள் கோணிக்கொண்டு வந்தன. எட்டாவது என்னுடையது.

படியில் மச்சான் எனக்கு முன்னால் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்ததும் நின்றார்.

"நாளைக்குக் கேட்டுக்குத் தனியாப் போகாத," என்றார். "வீட்டுக்கு வா. எல்லாரும் அங்கிருந்துதான் கிளம்புறோம்."